கஞ்சா எண்ணெய் தேடும் புற்றுநோயாளியின் வேதனையை முதலில் அளந்து பாருங்கள்: குமரி மாவட்ட நிர்வாகத்துக்கும் மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், மாவட்ட சுகாதார அலுவலர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், குமரியில் புற்றுநோய்க்கு மருத்துவம் பார்க்கும் மருத்துவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்க வேண்டுமா கூடாதா என்ற வாதத்துக்காக இந்த மடலை எழுதவில்லை. அது டெல்லியில் முடிவாக வேண்டியது. இன்றைக்கு இருக்கிற சட்டத்தையும் இருக்கிற மருந்தையும் வைத்து இந்த மாவட்டத்துக்குள்ளேயே உங்களால் செய்ய முடிவதைப் பற்றித்தான் எழுதுகிறோம். வாய்ப்புற்று, மார்பகப் புற்று, கருப்பைவாய்ப் புற்று என்று படுத்திருப்பவர்களின் வீடுகள் சிலவற்றில், மருந்து டப்பாவுக்கு அடியில் சொட்டுக்குழாய் வைத்த ஒரு சிறு குப்பி இருக்கிறது. ‘விஜயா’ என்ற பெயரில் இணையத்தில் வாங்கிய கஞ்சா இலை எண்ணெய் அது. சில வீடுகளில் குப்பிக்குப் பதில் காகிதப் பொட்டலம். நோயாளியின் ஓ.பி. சீட்டிலோ கேஸ் ஷீட்டிலோ இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. கேட்டவரும் இல்லை, சொன்னவரும் இல்லை.

கஞ்சா எடுக்கும் புற்றுநோயாளிகளையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டு வெளிநாடுகளில் பல கணக்கெடுப்புகள் நடந்திருக்கின்றன. எடுப்பவர்களுக்கே வலி, தூக்கமின்மை, குமட்டல், பதற்றம், மனச்சோர்வு எல்லாம் கூடுதலாக இருப்பது அவற்றில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. இதைப் படித்துவிட்டு, கஞ்சாதான் அவர்களை மோசமாக்கியது என்று சொல்லிவிடுவது எளிது. ஒரே வேளையில் எடுத்த கணக்கில் எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று தெரியாது. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் நோயாளிகள் சொல்லும் காரணங்களோ வலி, தூக்கம், பசி, மனக்கலக்கம்தான். எங்கள் தீர்ப்பு இது: குப்பி இருக்கிற வீடு, வேதனை தணியாத வீடு. காய்ச்சலைக் காட்டும் தெர்மாமீட்டர் போல அந்தக் குப்பியைப் பாருங்கள். அதைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டால் காய்ச்சல் இறங்காது.

கஞ்சாவிலிருந்து எடுக்கும் பொருள்கள் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே குழப்பம் இருக்கிறது. கீமோவால் வரும் வாந்தி வேறு மருந்துக்குக் கட்டுப்படாதபோது கொடுப்பதற்காக டிரோனாபினால், நாபிலோன் என்ற 2 மருந்துகளுக்கு அமெரிக்கா 1985-லேயே அனுமதி தந்தது. அமெரிக்க புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய அந்த இடத்திலேயே நிற்கிறது. முறையான வாந்தி மருந்துகள் கொடுத்தும் அடங்காத வாந்திக்கு அவற்றோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்கிறது. புற்றையே கரைக்கும் மருந்தாகக் கொடுக்கக் கூடாது என்கிறது. நோயாளியிடம் குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கேளுங்கள் என்றும் சொல்கிறது. புற்று வலிக்குக் கஞ்சா ஸ்பிரே கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகள் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. கஞ்சாவில் உள்ள போதை தராத பொருளான சி.பி.டி.யின் எண்ணெயை, முற்றிய புற்றுநோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராமில் தொடங்கி 600 மில்லிகிராம் வரை கொடுத்து ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை நடந்தது. மொத்த வேதனைக் கணக்கு இரு தரப்புக்கும் குறைந்தது. வெறும் எண்ணெய் குடித்தவர்களைவிட சி.பி.டி. குடித்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் குறையவில்லை. இரண்டு தரப்புக்குமே, வலியையும் வேதனையையும் தணிக்கும் நல்ல நோய் ஆதரவு சிகிச்சை கிடைத்துக்கொண்டிருந்தது என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

இப்போது அந்தக் குப்பியைக் கையில் எடுத்துப் பாருங்கள். 30 மில்லி குப்பி. மேலே 1500 மில்லிகிராம் என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு துளியின் அளவு இல்லை, முழுக் குப்பியின் அளவு. ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம். ஒரு மில்லிக்கு 20 துளி என்று கொண்டால் ஒரு துளியில் இரண்டரை மில்லிகிராம். நாக்கடியில் இரவு 3 துளி விட்டால் ஏழரை மில்லிகிராம். அது சி.பி.டி. என்றால், ஆஸ்திரேலியச் சோதனையில் தொடங்கிய அளவில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அதுவே போதை தரும் டி.எச்.சி. என்றால், 70 வயதுக்காரருக்கு முதல் நாளில் அது மிக அதிகம். 1500-ல் எது எவ்வளவு என்று லேபிளில் பிரித்துச் சொல்லியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பிரிக்காமல் மொத்தமாக எழுதியிருந்தால், நோயாளி எதைக் குடிக்கிறார் என்று மருத்துவராலும் சொல்ல முடியாது. இன்னொன்று. சித்த, ஆயுர்வேத மருந்துகளில் கஞ்சா, மருந்து விதிகளின் இ-1 அட்டவணையில் நச்சுப்பொருளாக இருக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் போடச் சொல்கிறது விதி. நம் ஊர்ப் பாட்டிக்குத் தமிழோ மலையாளமோதான் படிக்கத் தெரியும்.

தவறு எங்கெங்கே நடக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். புகைத்தால் சில நிமிடங்களில் ஏறும். விழுங்கினால் ஏற அரை மணியிலிருந்து 2 மணி நேரம் ஆகும். ‘ஒண்ணும் செய்யலியே’ என்று ஒரு மணி நேரத்தில் மறுபடி விழுங்குகிறார்கள். இரண்டும் சேர்ந்து நடுராத்திரியில் ஏறுகிறது. எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கும், நெஞ்சு படபடக்கும், கழிப்பறைக்குப் போகிற வழியில் விழுவார். எலும்பில் புற்று பரவியவர் விழுந்தால் அதோடு படுக்கைதான். உளறல், இல்லாதது தெரிவது, வீட்டாரையே அடையாளம் தெரியாமல் போவது வயதானவர்களுக்கு எளிதில் வரும். வலி மருந்தான மார்பினோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் கிறக்கம் இரட்டிப்பாகும்.

பொட்டலத்தில் வரும் காய்ந்த செடியில் பூஞ்சை இருக்கக்கூடும். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை நல்ல உடம்புக்காரரை ஒன்றும் செய்யாமல் போகலாம். கீமோ ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வாக்கில் வெள்ளணுக்கள் தரைதட்டி நிற்கும்போது அந்தப் புகை நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. நம் மாவட்டத்தில் இதில் ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. கீமோவுக்கு மண்டலப் புற்றுநோய் மையத்தை நம்பித் திருவனந்தபுரம் போய்வருபவர்கள் ஏராளம். அவர்களுக்கு வெள்ளணு இறங்குகிற அந்த வாரம், மருத்துவர் யாரும் பார்க்காமல் வீட்டில் இருக்கிற வாரம். பீடித் தூளோடு கலந்து புகைப்பவருக்கு வாயிலோ தொண்டையிலோ ‘கரண்ட்’ எனப்படும் கதிர்வீச்சு வைத்துக்கொண்டிருந்தால், புண் ஆறாது. கதிர்வீச்சின் பலனும் குறையும்.

சி.பி.டி. ஈரலில் வேறு மருந்துகள் கரையும் வழியை அடைக்கும். ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபாரின் எடுப்பவருக்கு ரத்தம் உறையும் நேரம் மேலும் நீளும். புற்று மூளையில் பரவி, வலிப்புக்காக குளோபஸாம் எடுப்பவருக்கு அந்த மருந்தின் வேகம் ஏறி, எழுப்பினாலும் எழாத தூக்கம் வரலாம். மார்பகப் புற்றுக்குத் தமாக்சிஃபென் எடுப்பவருக்கு அது உடலில் வேலைசெய்யும் வடிவமாக மாறுவது குறையக்கூடும். ஈரல் என்சைம்கள் ஏறினால், கீமோவால் ஏறியது என்று நினைத்து மருத்துவர் கீமோ அளவைக் குறைப்பார். காரணம் டப்பாவுக்கு அடியில் இருக்கும். அறுவைக்கு முந்தின நாள் மயக்க மருந்து மருத்துவருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம் இது. கஞ்சாவைத் தினமும் எடுப்பவருக்கு மயக்க மருந்தின் தேவை கூடும்.

மாதக்கணக்கில் புகைத்தவருக்கு ஓயாத வாந்தி வந்தால், வெந்நீரில் குளித்தால் மட்டும் அடங்குகிறதா என்று கேளுங்கள். அது கஞ்சாவே உண்டாக்கும் வாந்தியாக இருக்கலாம். வாந்தியை நிறுத்தத்தான் எடுக்கிறேன் என்று அவர் இன்னும் கூடுதலாக எடுத்துக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றையும்விட எங்களை வதைப்பது, ‘இது புற்றையே எரிச்சிடும்’ என்று நம்பிக் கீமோவைப் பாதியில் விட்டுவிடுவது. ஆய்வகக் கிண்ணத்தில் இருக்கும் செல்லிலும் எலியிலும் கண்டதை மனித உடம்புக்குப் பொருத்திச் சொல்லும் காணொளிகள் கைபேசியில் வந்துகொண்டே இருக்கின்றன. அதை நம்புகிறவரைத் திட்டினால் அவர் அடுத்த முறை வரவே மாட்டார்.

அவர் எதைத் தேடி அந்தக் குப்பியிடம் போனாரோ, அதற்குச் சட்டப்படியான, விலை குறைந்த மருந்துகள் நம்மிடமே இருக்கின்றன. பசியை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி ஜிப்மரில் நடந்த ஒரு சோதனை 2023-ல் வெளியானது. வயிறு, ஈரல்-பித்தம்-கணையம், நுரையீரல் புற்றுக்குக் கீமோ எடுப்பவர்களுக்கு ஓலான்சபின் இரண்டரை மில்லிகிராம், தினம் ஒரு வேளை, 12 வாரம் கொடுத்தார்கள். உடல் எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியவர்கள் 60 சதவீதம். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதம். இதே மருந்து இரவில் கொடுத்தால் கீமோ வாந்தியையும் தூக்கமின்மையையும் சேர்த்துத் தணிக்கும். மனநல மாத்திரை என்று மருந்துக்கடையில் யாராவது சொன்னதும் வீட்டார் பயந்து நிறுத்திவிடுவார்கள். எழுதிக் கொடுக்கும்போதே ஏன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பசிக்கு மெஜஸ்ட்ரால் மருந்தையும் டிரோனாபினாலையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 2002-ஆம் ஆண்டுச் சோதனையிலும் கஞ்சா மருந்துதான் பின்தங்கியது.

வாய் வெந்து வெள்ளை படர்ந்திருந்தால் சாப்பிடாததற்குக் காரணம் பசியின்மை இல்லை, பூஞ்சை. அதற்கு மருந்து வேறு. மலச்சிக்கலில் வயிறு கல்லாக இருந்தாலும் குமட்டும். ஆறாத புண்ணின் நாற்றத்தால் சோற்றைத் தள்ளுகிறவருக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் சில நாளில் நாற்றம் அடங்கும். இதையெல்லாம் பார்க்காமல் விட்ட இடத்தில்தான் அந்தக் குப்பி நுழைகிறது.

வலிக்கு மார்பின். சாதாரண மார்பின் மாத்திரையின் வேகம் 4 மணி நேரம். வயதானவருக்கு 5 மில்லிகிராம் அல்லது இரண்டரையில் தொடங்கி ஏற்றலாம். 10 மில்லிகிராமில் நிலைத்தவருக்குக் காலை 6, காலை 10, பிற்பகல் 2, மாலை 6 மணிக்கு ஒவ்வொன்று. இரவு 10 மணிக்கு 2 மாத்திரை, நடுராத்திரி 2 மணிக்கு எழுப்பாமல் இருக்க. ‘வலித்தால் போடவும்’ என்று மட்டும் எழுதுவது பெரும் பிழை. வலி உச்சிக்குப் போனபிறகு மாத்திரை அதைத் துரத்திப் பிடிக்கவேண்டி வருகிறது. இடையில் வலி வெட்டினால் ஒரு நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது இங்கே 10 மில்லிகிராம், கூடுதலாகப் போடலாம். எத்தனை முறை போட்டார் என்று குறிக்கச் சொல்லுங்கள்.

மார்பின் எழுதும் கையே மலமிளக்கியான பிஸாகோடில் 10 மில்லிகிராம் இரவுக்கு எழுத வேண்டும். முதல் சில நாளுக்குக் குமட்டலுக்கான மெட்டோகுளோபிரமைடும் எழுதிவிடுங்கள். இந்த இரண்டும் விட்டுப்போனால் ஐந்தாம் நாளில் மலம் இறுகி, ஓங்கரித்து, ‘மார்பின் எனக்கு ஒத்துக்கலை’ என்று நோயாளி நிறுத்திவிடுவார். வாந்திக்கென்று ஓண்டான்செட்ரானைத் தொடர்ந்து கொடுத்தால் மலச்சிக்கல் இன்னும் கூடும். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கிறக்கம் வரும், பிறகு தெளியும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் சாகும் தறுவாய் என்று வீடு கூடிவிடும். சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்து உடம்பில் தேங்கும். கை கால் வெட்டி வெட்டி இழுத்தாலோ உளறினாலோ அளவைக் குறைத்து இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

வெற்றிலை போயிலையால் வாய்ப்புற்று நம் பகுதிக்கு நேற்று வந்தது இல்லை. நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் மருத்துவர் பென்டால் 1908-லேயே திருவிதாங்கூரின் புற்றுநோய் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். வாய் திறக்காதவருக்கும் மூக்குக் குழாய் போட்டவருக்கும் சாதாரண மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கலக்கி, குழாய் வழியாக விட்டு, பிறகு 30 மில்லி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. 12 மணி நேர மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். தாடையில் மின்சாரம் அடிப்பதுபோல் வெட்டும் நரம்பு வலிக்கு மார்பின் மட்டும் போதாது. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் இரவில் சேர்க்க வேண்டும். எலும்பு வலிக்கு 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே ஒரு முறை கரண்ட் வைத்தாலே பல நாள் வைத்ததற்கு ஈடான வலி நிவாரணம் கிடைக்கிறது. தினமும் பயணம் செய்ய முடியாதவருக்கு அது பெரிய விடுதலை.

போதை மருந்து தடுப்புச் சட்டத்தின் 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கெல்லாம் வழியைத் திறந்துவிட்டது. மார்பின், ஃபென்டானில், மெத்தடோன் உட்பட 6 மருந்துகள் அத்தியாவசியப் போதை மருந்துகள் ஆயின. பல உரிமங்களுக்குப் பதில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அங்கீகாரம் போதும். ஆண்டுக்கு எவ்வளவு தேவை என்று மருத்துவமனை கணக்குப் போட்டு அனுப்ப வேண்டும். அந்தக் கணக்கில்தான் கோட்டை விடுகிறோம். மேலே சொன்ன நோயாளிக்கு நாளொன்றுக்கு 6 மாத்திரை. இடைவலிக்கு 2 சேர்த்தால் 8. மாதம் 240. அப்படி 20 பேர் என்றால் மாதம் 4800, ஆண்டுக்கு 57,600 மாத்திரை. இந்தப் பெருக்கலைப் போடாமல் குத்துமதிப்பாக ‘ஆயிரம்’ என்று எழுதினால், முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். தீர்ந்த நாளில் வலி நிற்காது, பொட்டலம் வரும்.

ஆகவே நாங்கள் கேட்பவை. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோடு, தக்கலை, குழித்துறை, குளச்சல், பூதப்பாண்டி அரசு மருத்துவமனைகளிலும் மார்பின் மாத்திரை எல்லா நாளும் கையிருப்பில் இருக்கும்படி அங்கீகாரமும் ஆண்டுக் கணக்கும் சரிபார்க்கப்பட வேண்டும். திருவனந்தபுரத்தில் தொடங்கிய மார்பின் தீர்ந்தால், அதற்காக மட்டும் கொல்லங்கோட்டிலிருந்தோ கருங்கலிலிருந்தோ ஒருவர் மறுபடி அங்கே பஸ் ஏறக் கூடாது.

வேதனையை எண்ணால் அளக்கும் தாள் ஒன்று ஒவ்வொரு புற்றுநோயாளிக்கும் வேண்டும். எட்மன்டன் அளவுகோல் 1991-லிருந்து உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. வலி, அசதி, தூக்கக் கிறக்கம், குமட்டல், பசியின்மை, மூச்சுத்திணறல், மனச்சோர்வு, பதற்றம், மொத்தத்தில் எப்படி இருக்கிறது என்று 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிப் போகும் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியர் வாரம் ஒருமுறை இதைக் குறிக்க 5 நிமிடம் போதும். 4-க்கு மேல் எந்த எண் வந்தாலும் 2 நாளுக்குள் மருத்துவர் பார்க்க வேண்டும். 7-க்கு மேல் என்றால் அன்றே தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

எண்ணை நோயாளியே சொல்ல வேண்டும். வாசலில் நிற்கிற மகன் சொல்லும் எண் வேறாக இருக்கும், நல்ல எண்ணத்தோடுதான் குறைத்துச் சொல்வார். எண் சொல்லத் தயங்கும் மூதாட்டியிடம் பத்து விரலையும் விரித்துக் காட்டி எத்தனை என்று மடக்கச் சொல்லுங்கள். ‘எப்பிடி இருக்கு அம்மா’ என்றால் ‘பரவால்ல பிள்ளே’ என்றுதான் பதில் வரும். விரல் பொய் சொல்லாது. அசதி வேறு, தூக்கக் கிறக்கம் வேறு என்பதை விளக்கிக் கேளுங்கள். மருந்தின் அளவு கூடிப்போனதை இரண்டாவதுதான் காட்டிக்கொடுக்கும்.

அந்தத் தாளின் அடியில் பத்தாவது கேள்வியாகக் கஞ்சாவைக் கேளுங்கள். வீட்டார் முன்னால் கேட்காதீர்கள். ‘கஞ்சா அடிக்கிறீங்களா’ என்று எடுத்தவுடன் கேட்டால் கதவு அடைந்துவிடும். ‘இந்த வலிக்கு ஊர்ல ஆளுங்க எண்ணெய், இலை, புகைன்னு பலதும் எடுக்காங்க. நீங்களும் எடுத்தா சொல்லுங்க. ஆஸ்பத்திரி மருந்தோட சேருமான்னு பார்க்கத்தான் கேக்கேன், வேற ஒண்ணுக்கும் இல்ல’ என்று கேட்கலாம். எடுக்கிறேன் என்றால் ஐந்து விஷயம் குறியுங்கள்: எண்ணெயா இலையா புகையா, எத்தனை துளி அல்லது எத்தனை முறை, எந்த நேரம், எதற்காக, எடுத்தபின் அந்த எண் மாறியதா. வெறுமனே ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த எண்ணுக்காக எடுத்தாரோ அதற்கு முறையான மருந்தைத் தொடங்கிவிட்டுப் பேசுங்கள். நாள்பட எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு வாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் இருக்கும். அதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கோட்டாறு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும், தனியாகச் சித்த வைத்தியம் பார்க்கும் பதிவுபெற்ற மருத்துவர்களும் இதில் சேர வேண்டும். விஜயா எண்ணெயை எழுதுபவர், நோயாளி எடுக்கும் கீமோ மருந்தின் பெயரைத் தன் சீட்டிலும், எண்ணெயின் பெயரையும் துளிக் கணக்கையும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் எழுத வேண்டும்.

கடைசியாக, காவல் கண்காணிப்பாளர் அவர்களிடம் ஒன்று. ஒரு கிலோவுக்கு உட்பட்ட கஞ்சா வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். உட்கொண்டால் ஆறு மாதம் வரை. விற்பவரை நீங்கள் பிடிப்பதை நாங்கள் தடுக்க வரவில்லை. நோயாளி மருத்துவரிடம் சொன்னதை மருத்துவர் வெளியே சொல்லக் கூடாது என்று மருத்துவ நெறிமுறை ஏற்கெனவே கட்டுப்படுத்துகிறது. ஆனால் அது நோயாளிக்குத் தெரியாது. செவிலியருக்கும் பயம் இருக்கிறது. எனவே ஆட்சியரும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை வேண்டும். அதில் இருக்க வேண்டியவை இவை: சிகிச்சைக்காக நோயாளி கஞ்சா பற்றிச் சொல்வதும், அது சிகிச்சைத் தாளில் எழுதப்படுவதும் விசாரணைக்காகக் கேட்கப்பட மாட்டாது. மருத்துவர் சீட்டோடும் மாத்திரையின் அசல் அட்டையோடும் மார்பின் கொண்டுபோகும் நோயாளியையோ உறவினரையோ களியக்காவிளை, ஆரல்வாய்மொழி சோதனைச் சாவடிகளில் நிறுத்திவைக்க மாட்டார்கள். இந்த இரண்டு வாக்கியம் தமிழில், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து வழங்கும் சன்னலிலும், நோயாளி படிக்கிற உயரத்தில் ஒட்டப்பட வேண்டும்.

இப்படிக்கு,
குமரி மாவட்டத்தில் வீடு தேடிச் சென்று நோய் ஆதரவுப் பணி செய்யும் செவிலியர்கள், மருந்தாளுநர்கள், தன்னார்வலர்கள்